அந்த இருநூற்று எழுபத்து மூன்று

மின்விசிறியை நிறுத்தாமலே பதிவு செய்து அனுப்பியிருக்கிறாள் அந்தப் பெண். உம்மிடம் வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பீர்.

யார் அந்தப் பெண் என்பீர். களக்காட்டுப் பிள்ளை, வேறொரு கல்லூரியில் ஜியாலஜி படிக்கிறாள். நாம் இருவரும் இணையத்தில் பொதுவாகப் போட்டுவைத்த வெப்ப இயக்கவியல் பாடங்களைக் கேட்டுவிட்டுப் போன வாரம் எழுதியிருந்தாள்: “கார்னெட் பாடத்துல செல்சியஸையே போட்டுட்டாங்க சார். 273 கூட்டல. அதான் விடை உதைக்கு.”

சரிபார்த்தேன். அவள் சொன்னது சரி.

இதைக் கேட்டிருந்தால் துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடியிருப்பீர். கெல்வினுக்கு மாற்ற மறக்கிற பிள்ளைகளை என்ன பாடு படுத்துவீர்! “ஏலே, அந்த இருநூத்தி எழுபத்திமூண எங்கன கொண்டு தொலைச்ச?” நீர் போடுகிற சத்தத்தில், பக்கத்து வகுப்பில் நிற்கும் எனக்குத் தூக்கிவாரிப்போடும்.

அந்தக் கார்னெட் பாடத்தைப் பதிவு செய்தது ஒரு மே மாதம். இரைச்சல் ஏறும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டீர். பாபநாசத்தில் ஆற்றோரம் பொறுக்கிய, சிவப்புப் புள்ளிகளாகக் கார்னெட் பதிந்த கல்லை மேசையில் வைத்து, பூமிக்கடியில் அது எவ்வளவு சூட்டில் உருவானது என்று கணக்குப் போட்டீர். “வெந்து சாகுதோம்வே” என்று நான் முனகியதும் அதில் கேட்கும். அந்த வேக்காட்டில் உமக்குச் செல்சியஸ்தான் ஞாபகம் வந்திருக்கும். பக்கத்தில் நின்ற நானும் கவனிக்கவில்லை.

தப்பைக் கண்டுபிடித்தவர் முழுப் பாடத்தையும் தம் குரலில் பேசி ஏற்ற வேண்டும், பழையது போய்விட வேண்டும் என்பது நீர் வைத்த சட்டம். “ஒட்டுப் போட்ட சட்டை வேண்டாம்வே” என்பீர். நானும் தலையாட்டினேன். நீர் கண்ணை மூடிய பிறகு யார் யாரோ திருத்தித் திருத்தி, மற்ற பாடங்களிலிருந்து உம்மை வெளியே அனுப்பியாயிற்று. உம் குரல் மிச்சமிருந்தது இந்த ஒன்றில்தான். பிரதி என் கணினியில் இருக்கிறது, அது வேறு விஷயம். முகம் தெரியாத பிள்ளைகளுக்கு நீர் இன்னும் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தீர். அதை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. அவளுக்குப் பதில் போடாமல் நாளைக் கடத்தினேன்.

ஆனால் தப்பான கணக்கைச் சொல்லிக்கொடுக்க உம்மையே உட்கார்த்தி வைப்பதா? நீர் சும்மா விடுவீரா? பேசி அனுப்பச் சொல்லி அவளுக்கு எழுதினேன்.

இன்று காலை அவள் பதிவை ஏற்றினேன், மின்விசிறி இரைச்சலோடு. கணக்கு சுத்தமாக இருந்தது. உமது பாடத்தை எடுத்துவிட்டேன். காப்பியைக் குடித்துவிட்டுக் கல்லூரிக்குப் போனேன்.

மதியம் என் வகுப்பில், கரும்பலகையில் ஒருவன் செல்சியஸிலேயே கணக்கைப் போட்டான்.

“ஏலே, அந்த இருநூத்தி எழுபத்திமூண எங்கன கொண்டு தொலைச்ச?”

நான் போட்ட சத்தத்தில், பக்கத்து வகுப்பு ஆசிரியர் பதறிப்போய் எட்டிப் பார்த்தார்.