ஆணியைத் தூக்கியது யார்

ஜூலை 8, செவ்வாய்

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் மாதத் தேர்வு. ப்ளஸ் டூ எடுக்கும் ஆசிரியை ஷஹனாஸ் திருத்திய தாள்களைத் துறைத் தலைவி என்ற முறையில் சரிபார்த்தேன். ‘காந்தம் இரும்பை இழுக்கும்போது வேலை செய்கிறதா?’ என்ற கேள்விக்கு ‘செய்கிறது’ என்று எழுதியவர்களுக்கெல்லாம் முழு மார்க்!

ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் இருந்தார்கள், தலைமையாசிரியை உட்பட. “காந்த விசை வேலை செய்யாதுன்னு புத்தகத்துலயே இருக்கு. அதுகூடத் தெரியாமயா ப்ளஸ் டூ எடுக்கறீங்க?” என்றேன்.

“மேடம், அது ஓடுற மின்துகளுக்குச் சொன்னது...” என்றாள் ஷஹனாஸ். முடிக்க விடவில்லை. என் இருபத்திரண்டு வருஷ அனுபவத்தை வேறு சொல்லிக் காட்டினேன்.

ஜூலை 10, வியாழன்

ப்ளஸ் டூவை அவளிடமிருந்து எடுத்து எனக்குக் கொடுத்துவிட்டார்கள். அவளுக்கு ஏழாம் வகுப்பு. மார்க்கையெல்லாம் அவள் கையாலேயே குறைக்கச் சொன்னேன். குறைத்தாள்.

ஜூலை 13, ஞாயிறு

நாளைய பாடத்துக்காக, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை ஓர் ஆணிக்கு மேலே பிடித்துப் பார்த்தேன். ஆணி மேஜையிலிருந்து இரண்டு விரல் உயரம் எழும்பி, டக்கென்று ஒட்டிக்கொண்டது.

காந்தத்தைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டேன். ஆணியைத் தூக்கியது யார்? நான் தொடவே இல்லை. மேலே போன பொருளுக்கு ஆற்றல் கூடியிருக்கிறது; அப்படியென்றால் காந்தம் வேலை செய்திருக்கிறது. அந்த ‘டக்’ சத்தமும் ஆற்றல்தான். விலகி இருந்தபோது அந்த ஆற்றல் காந்தப்புலத்தில் இருந்தது, சேரும்போது வெளியே வருகிறது. காந்தம் அதனால் தீர்ந்துபோவதில்லை — பிய்த்து எடுக்கும்போது என் கை அதைத் திருப்பிக் கொடுக்கிறது.

புத்தகத்தை எடுத்தேன். அந்த வரி ஓடும் மின்துகளுக்குத்தான். அவள் சொன்ன அதே வார்த்தை. இருபத்திரண்டு வருஷமாக ஒப்பிக்கத்தான் செய்திருக்கிறேனா?

“சாதத்தைப் பிசைஞ்சுண்டே இருக்கியே, என்ன ஆச்சு?” என்றார் இவர். தலைவலி என்றேன்.

ஜூலை 14

சொல்லவில்லை.

ஜூலை 15

இன்றும் இல்லை. வகுப்பில் ஒரு பெண் அந்தக் கேள்வியைக் கேட்டாள். “அப்புறம் பாக்கலாம்”னு சொல்லிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். சீ! வாயைத் திறந்தா என்ன குறைஞ்சிடும் எனக்கு?

ஜூலை 17, வியாழன்

மாடிப்படியில் ஷஹனாஸைத் தனியாகப் பிடித்து, “நீங்க சொன்னதுதான் சரி, மன்னிச்சுடுங்க” என்றேன்.

“பரவாயில்லை மேடம். ஆனா அன்னிக்கு நீங்க என்னைத் தனியா கூப்பிட்டுச் சொல்லலையே” என்றாள்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

ஜூலை 21, திங்கள்

ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்றேன். “தப்பு என்னுது. ஷஹனாஸ் போட்ட மார்க்தான் சரி” என்றேன்.

“இதைச் சொல்ல பதிமூணு நாளா மேடம்?” என்றார் தலைமையாசிரியை.



ஆகஸ்ட் 1, வெள்ளி

ப்ளஸ் டூ மறுபடி ஷஹனாஸிடம். பழைய மார்க்குகளும் திரும்ப ஏறிவிட்டன. என்னோடு சாப்பிட மட்டும் இன்னும் வருவதில்லை.

மதியம் அடுத்த தேர்வுக்கான கேள்வித்தாளை என் மேஜையில் வைத்து, “பாத்துக் குடுங்க மேடம்” என்று சொல்லிவிட்டுப் போனாள். பதினாலாவது கேள்வியில் எனக்கு ஒரு சந்தேகம். சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, எழுந்துபோய் அவளிடம் கேட்டேன்.

பக்கத்து நாற்காலியில் இருந்த நோட்டுகளை எடுத்துக் கீழே வைத்தாள். “உக்காருங்க” என்றாள்.