பச்சைமலை பஸ்ஸும் என் மூத்திரப் பையும்

ஜூலை 7, திங்கள்
காலையிலேயே வெயில். கே.கே. நகரில் பிசியோதெரபி. பயிற்சி சொல்லித் தருகிறவள் என் மகள் வயசுப் பொண்ணு. விஷயத்தைச் சொல்ல நாக்கு எழவில்லை, கடைசியில் கொட்டிவிட்டேன். ஹெச்.எம். பதவி உயர்வு. காலியிடம் பச்சைமலை ஒன்றுதான். பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். என்னால் முக்கால் மணிக்கு மேல் தாங்காது. திடீரென்று முட்டும், சில நாள் ஓடியும் புடவை நனையும். ஆகஸ்ட் 20 கவுன்சலிங். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடத்தான் யோசனை.

பள்ளி விடும்வரை சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டேன், கிளம்பும் முன் எதற்கும் ஒரு தடவை போய்விடுவேன் என்றேன், பெருமையாக. எங்கள் ஸ்டாஃப் ரூமே அப்படித்தான். இரண்டுமே தப்பாம். தண்ணீர் குறைந்தால் மூத்திரம் கெட்டியாகிப் பையை உறுத்துமாம். சும்மா சும்மா போனால் கொஞ்சம் சேர்ந்ததுமே கூப்பிடப் பழகிவிடுமாம்.

வாங்க: அளவு போட்ட பிளாஸ்டிக் மக், நோட்டு, கடுகு.

ஜூலை 9
மக்கில் அளந்து நோட்டில் குறித்ததில், நேற்று பதினான்கு தடவை. ஒரு தடவை வெறும் 80 மி.லி. இதற்கா அந்த ஓட்டம். காபி ஒன்றாகக் குறைப்பு. தலைவலி.

ஜூலை 21, திங்கள்
முட்டினால் ஓடக்கூடாதாம், பிசியோதெரபிப் பொண்ணு சொன்னாள். அப்படியே நிற்கணும். மூத்திரத்தை அடக்கும் அடித்தசையை வேகமாகச் சுருக்கி விடணும், ஐந்தாறு தடவை. மனசுக்குள் பதினேழாம் வாய்ப்பாடு. இன்று அடுப்படியில் நின்றேன். வந்தது, ஏறியது, தானே இறங்கிப் போய்விட்டது.

இரண்டு பிள்ளை பெற்றவள். கழிவுநீக்க மண்டலம் வருஷா வருஷம் படம் போட்டு நடத்துகிறவள். இப்படி ஒரு தசை இருப்பது ஐம்பத்திரண்டு வயசு வரை தெரியாது. பிரமிப்பில் அழுகையே வந்துவிட்டது. தாளிப்பு கருகியது. அவர் ஹாலிலிருந்து என்ன வாசனை என்றார்.

ஆகஸ்ட் 4
போகும் இடைவெளியை நாலைந்து நாளுக்கு ஒரு கால் மணி கூட்டியதில், இன்று முழுசாக இரண்டு மணி நேரம். நோட்டை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்
லீவு போட்டேன். தூறல். தனியாக மலை பஸ்ஸில், பள்ளியைப் பார்த்துவர. வளைவில் முட்டியது. இறங்கினால் அடுத்த பஸ் சாயங்காலம்தான். கம்பியைப் பிடித்தேன், சுருக்கினேன், எண்ணினேன். அடங்கியது. என் உடம்பு என் பேச்சைக் கேட்கிறது, என்ன அதிசயம்.

பள்ளிக் கழிவறையில் பூட்டு. சாவி ஹெச்.எம். பொறுப்பில் இருக்கும் சாரிடமாம், அவர் இன்று வரவில்லை. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி நின்றாள். நீங்கல்லாம் எங்கே போவீங்க என்று கேட்டேன்.

"சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான் டீச்சர்."

நான் இன்னும் ஹெச்.எம். இல்லை. எதிர்வீட்டில் சுத்தியல் வாங்கினேன். நாலாவது அடியில் பூட்டு விட்டது. அவளை முதலில் போகச் சொல்லிவிட்டு நான் வெளியே காத்திருந்தேன்.