சேலை கட்டிய கன்ட்ரி பாடகிக்கு

அன்புள்ள அக்கா,

போன சனிக்கிழமை லண்டன் வால்தம்ஸ்டோவில் உங்களைக் கண்டேன். பழைய பொருட்கள் விற்கும் சரிட்டி கடையொன்றில் இசைத்தட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டு போனபோது, பட்டுச் சேலையும் தலையில் அகன்ற கௌபோய் தொப்பியுமாகச் சிரித்துக்கொண்டு நின்றீர்கள். அது உங்கள் இரண்டாவது இசைத்தட்டு. பின்பக்கத்தில், கண்ணாடி போட்டால்தான் தெரியும் அளவு எழுத்தில், இரண்டாம் குரல் என்று என் பெயர். நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. கடைக்காரப் பெண் வந்து ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்கும்வரை அப்படியே நின்றிருக்கிறேன்.

முதல் இசைத்தட்டின் அட்டையில் நீங்கள் இல்லை. புல்வெளியில் ஒரு குதிரை நின்றது. பெயரும் கம்பனிக்காரர் வைத்த வெள்ளைக்காரப் பெயர்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நேர்ஸ் ஒருத்தி அமெரிக்கக் கிராமத்துக் கன்ட்ரி பாட்டுப் பாடினால் யார் வாங்குவார்கள் என்று கேட்டார்களாம். இரண்டாவதற்குக் கூப்பிட்டபோது நீங்கள் சொன்ன பதிலை எனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறீர்கள். "என்ர முகமும் என்ர பேரும் வேண்டாமெண்டால், அந்தக் குதிரையையே பாடச் சொல்லுங்கோ எண்டிட்டன்."

மைக்கேல் அப்போதே உங்களோடு இருந்தார். ஆஸ்பத்திரி வார்டில் நடந்த நத்தார் பண்டிகை விருந்தில் நீங்கள் பாடியதைக் கேட்ட ஐரிஷ் நேர்ஸ் ஒருத்தி, தன் ஆட்களின் கிளப்புக்கு உங்களை இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஸ்டீல் கிற்றாரை மடியில் படுக்கவைத்து வாசித்துக்கொண்டிருந்தவர் அவளுடைய அண்ணன் மைக்கேல். அன்றிலிருந்து கடைசிவரை உங்கள் பாட்டுக்கு அவர்தான் வாசித்தார். நம்மவர்கள் கதை கட்டினார்கள். நீங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "நான் எங்க மூச்செடுப்பன் எண்டு அந்த மனுசனுக்குத் தெரியும். எனக்கு அது காணும், வேறொண்டும் வேண்டாம்" என்பீர்கள்.

என்னைப் பிடித்தது ஹரோவில், தமிழ்ப் பள்ளி விழாவில். நான் தேவாரம் பாடிவிட்டு இறங்கியதும் வந்து கையைப் பிடித்து, உங்களோடு பாட வரச் சொன்னீர்கள்.

"எனக்கு இந்த இங்கிலீஷ் பாட்டொண்டும் தெரியாது, அக்கா."

"வீட்டை விட்டுப் போனவையின்ர பாட்டுத்தான். எங்களுக்கு விளங்காட்டி வேற ஆருக்கு விளங்கப் போகுது?"

நான் படித்த இசையில் இருவர் சேர்ந்து பாடினால் ஒரே ராகத்தில், ஒரே வழியில்தான் போவோம். உங்கள் குரலுக்குக் கீழே வேறொரு வழியில் நடக்க எனக்கு வரவேயில்லை. இரண்டு வரி போனதும் உங்கள் மெட்டுக்குத் தாவிவிடுவேன். நீங்கள் கோபிக்கவில்லை. உங்கள் சமையலறையில், மூன்று மாதம், அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடினீர்கள். ஒருநாள் என் குரல் தன் வழியிலேயே நின்றது. மைக்கேல் வாசிப்பதை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த இரண்டாவது தட்டு வெளிவந்தபின் அயர்லாந்தில் ஆறு ஊர்களில் பாட ஏற்பாடாயிற்று. என் புகுந்த வீட்டில் பேச்சுக் கிளம்பியது. குடும்பப் பெண் குடிக்கிற இடங்களில் பாடித் திரிகிறாள் என்றார்கள். புறப்பட வேண்டிய காலையில் உங்களுக்கு டெலிபோன் எடுத்து, மகளுக்குக் காய்ச்சல் என்றேன்.

"பிள்ளையைப் பாரும்" என்று மட்டும் சொன்னீர்கள்.

மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

பிறகு ஒரு ஐரிஷ் பாடகியுடன் பாடினீர்கள். இருவரும் சேர்ந்து ஒரு தட்டும் வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். அவள் என்னைவிட நன்றாகப் பாடினாள். அது எனக்கு நோகாமல் இருந்திருந்தால் அடுத்த நாளே உங்களிடம் வந்திருப்பேன். பதினொரு வருடம் வரவில்லை.

உங்களுக்கு ஸ்ட்ரோக் வந்த செய்தியை மைக்கேல்தான் சொன்னார். மோர்டனில் முதியோர் இல்லத்துக்கு நான் வந்தபோது என்னை அடையாளம் கண்டீர்கள். பேச்சுத்தான் இல்லை. தேத்தண்ணி கேட்க நினைத்து "கதவு" என்றீர்கள். பிழை என்று உங்களுக்கே தெரிந்து, கண்ணை மூடிக்கொண்டீர்கள். மைக்கேல் கிற்றாரை மடியில் வைத்து, நாங்கள் சமையலறையில் பழகிய அந்தப் பாட்டைத் தொடங்கினார். நீங்கள் பாடினீர்கள், அக்கா. ஒரு சொல் விடாமல், ஒரு சொல் தடுமாறாமல். இரண்டாவது அடிக்கு என்னைப் பார்த்தீர்கள். நானும் சேர்ந்துகொண்டேன்.

பாட்டு முடிந்ததும் சொன்னேன். "அண்டைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை, அக்கா."

உங்கள் வாய் சொல்லைத் தேடித் தேடித் தவித்தது. வெகு நேரத்துக்குப் பின் வந்தது.

"தெரி... யும்."

பிறகு இடக்கையை உயர்த்தி, இன்னொருக்கா வாசி என்று மைக்கேலுக்குக் காட்டினீர்கள்.

இரண்டு வருடம் ஒவ்வொரு வியாழக்கிழமையும் பின்னேரம் பாடினோம். தாதிமார் கதவைத் திறந்துவைத்துவிட்டு வேலை செய்தார்கள். உங்களுடைய மிகச் சிறந்த பாட்டு எந்த இசைத்தட்டிலும் இல்லை. அந்த அறையில் பாடியதுதான்.

உங்கள் இறுதிச் சடங்கில் என்னைப் பாடச் சொன்னார்கள். உங்கள் மெட்டைத்தான் பாடுவதென்று நினைத்துக்கொண்டு போனேன். வாயைத் திறந்தால் என்னுடைய கீழ்க்குரல்தான் வந்தது. மாற்ற முடியவில்லை. வந்திருந்தவர்களுக்கு அது என்ன பாட்டென்றே விளங்கியிருக்காது. மைக்கேல் மட்டும், நீங்கள் மூச்செடுக்கும் இடங்களிலெல்லாம் நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

திரும்பி வரும்போது காரில் மகள் கேட்டாள்.

"என்ன பாட்டம்மா அது? முழுசா இல்லாத மாதிரிக் கிடந்தது."

"ஓம்" என்றேன். "எனக்கு அவ்வளவுதான் தெரியும்."