இஸ்திரி போட்ட கடிதங்கள்

என் கண்ணே,

"பதினோரு நாளா வெறும் தாளை அனுப்புறீங்களே, அப்படி என்ன கோவம்?" என்று மூடிய அறைக்கதவுக்குப் பின்னாலிருந்து காலையில் நீ கேட்டதும் தூக்கிவாரிப்போட்டது எனக்கு. பதில் சொல்ல வாயைத் திறந்தால், "பேசாதீங்க, தொத்திக்கும்" என்று விரட்டிவிட்டாய்.

துணியில் குறி போடும் பேனாவால் எழுதித் தொலைத்திருக்கிறேன். சூடு பட்டால் அந்த மை மறைந்துவிடும். நீயோ கிருமிக்குப் பயந்து கடிதத்துக்கும் இஸ்திரி போடுகிறாய்!

பதினொன்றிலும் ஒரே விஷயம்தான். சிறுநீரகம் மாற்றியவள் என்றாலும், முகக்கவசத்தோடு இனி முற்றத்துக்கு வரலாம் என்கிறார் டாக்டர். பதிலே வராததால் உனக்கு மனமில்லை என்று நானும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன்.

இது பென்சில், தைரியமாக இஸ்திரி போடு. வருவது உன் இஷ்டம். முற்றத்தில் டேப் பிடித்து, ஆறடி தள்ளி இரண்டு நாற்காலி போட்டிருக்கிறேன். அளவு பெரிதாகத் தோன்றினால் சொல், உடனே குறைத்துத் தருகிறேன்.

உன் தையற்காரன்