முறை நோட்டில் அடித்த பெயர்

கடலூர்,
27.6.2010

அன்புள்ள அண்ணன் சேரனுக்கு,

வெயிலைத் தவிர இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, அதைவிடப் பெரிய வெயிலில் வேலை பார்க்கும் நீயும் குறையில்லாமல் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். இது அப்பாவின் கடிதம், எழுதுவது மட்டும் வெண்மதி. அப்பா தாமே எழுதுகிறேன் என்று உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துவிட்டார், மூன்றும் ‘மேற்கண்ட பொருள் தொடர்பாக’ என்றுதான் ஆரம்பித்தன, அம்மா எட்டிப் பார்த்துவிட்டு “பெத்த புள்ளைக்கு லெட்டர் எழுதச் சொன்னா கலெக்டருக்கு மனு எழுதிகினு இருக்கீங்க” என்று சிரித்தாள். போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் அப்பா என்ன பேசுவார் என்று உனக்கே தெரியும், சாப்பிட்டியா, அங்க வெயில் எப்படி, இந்தா அம்மா பேசறா, அவ்வளவுதான். அதனால் அவர் சொல்வதை நான் என் நடையில் எழுதுவது, முடித்ததும் வாசித்துக் காட்டுவது, அவர் வேண்டாம் என்றதை எடுத்துவிடுவது என்று எங்களுக்குள் ஒப்பந்தம்.

அம்மா வழக்கம்போல ஏழரை பஸ்ஸில் குறிஞ்சிப்பாடி சுகாதார நிலையத்துக்குப் போய் வருகிறாள், இரண்டு மாதமாகச் சொட்டு மருந்து, கணக்கெடுப்பு என்று அலைச்சல் ஜாஸ்தி, ஆனால் கால்வலி இல்லை. அப்பாவின் பட்டறையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஜன்னல் கிரில் செய்யும் வேலை வந்திருக்கிறது, வெல்டிங் கண்ணாடியைப் போடாமல் வேலை செய்கிறார், நீயாவது சொல் என்று அம்மா எழுதச் சொன்னாள். நான் பிளஸ் டூ வந்துவிட்டேன், இயற்பியல் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது, தமிழில் வகுப்பில் நான்தான் முதல். நீ ராத்திரி ஷிப்டு முடித்து வந்து தலைக்குக் குளித்த ஈரத்தோடு ஏசியில் படுக்காதே, மோர் கிடைத்தால் குடி, கிடைக்காவிட்டால் எலுமிச்சம்பழமாவது வாங்கி வை. இதெல்லாம் அம்மா பங்கு, இனி அப்பா பங்கு.

நம் கெடிலம் கால்பந்துக் கழகத்துக்கு இந்த ஆகஸ்டு பதினைந்தோடு இருபத்தைந்து வருடம் முடிகிறது. செயலாளர் தில்லைநாதன் மாமா வெள்ளி விழா மலர் போடுகிறார். புதிதாக ஒரு சுழற்கோப்பையும் செய்யப் போகிறார்கள், அதற்கு முன்னாள் மேனேஜர்கள் மூன்று பேரில் ஒருவர் பெயரை வைப்பது என்று கமிட்டியில் முடிவாகியிருக்கிறது. மூன்று பேரில் யார் விட்டுப்போனது பெரிது என்று ஒப்பிட்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மாமா என்னிடம் வந்தார். மூன்றாவது மேனேஜரின் மகளே எழுதலாமா என்று கேட்டேன். “வேற யாருக்கும்மா கோர்வையா எழுத வருது? நம்ம பசங்க எல்லாம் காலாலதான் எழுதுவானுவோ” என்றார். அதோடு “ஒங்கப்பாவ தூக்கியும் எழுதாத, எறக்கியும் எழுதாத, விசாரிச்சி எழுது” என்றார். அந்தச் சொல் எனக்குப் பிடித்துப்போய்விட்டது. ஒரு நோட்டும் இரண்டு பேனாவும் எடுத்துக்கொண்டு மே மாதம் முழுக்க விசாரித்தேன்.

முதலில் திருவந்திபுரம் போனேன், கழகத்தைத் தொடங்கிய தட்சிணாமூர்த்தி மாமா வீட்டுக்கு. அவர் போய் எட்டு வருடம் ஆகிறது, அவர் மனைவி விருத்தாம்பாள் அத்தை இருக்கிறார்கள். தபால்காரராக இருந்ததால் தெருத் தெருவாகக் கடிதம் கொடுக்கும்போதே ஆள் சேர்த்தாராம், தேவனாம்பட்டினத்துப் பையன்களையும் மஞ்சக்குப்பத்துப் பையன்களையும் ஒரே ஜெர்சியில் நிறுத்தியது அவர்தான். ஒருவரையும் அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, மாமா, மச்சான், சித்தப்பா என்று எல்லாருக்கும் ஒரு முறை வைத்துத்தான் கூப்பிடுவாராம். அத்தை சொன்னார்கள்: “அவருகிட்ட பேக் யாரு, ஃபார்வர்டு யாருன்னு கேட்டா முழிப்பாரு. யாரு யாருக்கு மச்சான்னு கேட்டுப் பாரு, மூச்சு வுடாம சொல்லுவாரு. சொந்தத் தம்பியையே பதினோரு வருசம் ஆட வெச்சாரு, ஒருத்தன் ஒரு வார்த்த கேட்டதில்ல. கேப்பானா? எல்லாரும் அவருக்கு சொந்தந்தான?” பதினோரு வருடத்தில் அவர் ஜெயித்தது ஒரே ஒரு ரன்னர் கோப்பை. அத்தை அதில் கற்கண்டு போட்டு வைத்திருக்கிறார்கள், எனக்கும் ஒரு கை அள்ளிக் கொடுத்தார்கள்.

அடுத்து சிதம்பரம், ராஜமாணிக்கம் சார். பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இன்னமும் வாயில் விசில் இருப்பதைப் போலத்தான் பேசுகிறார். அவர் இருந்த ஏழு வருடத்தில் ஏழு ஷீல்டு, அதைவிட முக்கியம் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஆறு பேருக்கு அரசாங்க வேலை. விடிகாலை ஐந்து மணிக்கு ஓட்டம், முறையான பயிற்சி, வெளியூரிலிருந்து ஆட்கள். உள்ளூர்ப் பையன்கள் பாதிப் பேர் வெளியே உட்கார்ந்து வெறுத்துப்போய் வருவதையே நிறுத்திவிட்டார்களாமே என்று கேட்டேன், மறைக்காமல் ஒத்துக்கொண்டார். அப்பாவைப் பற்றிக் கேட்டபோது சிரித்துவிட்டார். “ஒங்கப்பாவா? ரொம்ப நல்ல மனுசன். ஆனா நல்ல மனுசனுக்குன்னு ஷீல்டு எவனும் குடுக்க மாட்டான்மா.” எனக்குக் கோபம் வந்தது, ஆனாலும் அப்படியே எழுதிக்கொண்டேன்.

அப்பாவுக்கு ஷீல்டு இல்லை என்பது உண்மை. ஆனால் சுனாமி வந்து கழகமே இல்லாமல் போன நேரத்தில் எடுத்து நடத்தினார், ஆடியவர்களில் இரண்டு பேர் அலையில் போய்விட்டார்கள், மற்றவர்கள் படகும் வலையும் தேடி அலைந்தார்கள், அந்த மார்ச்சிலேயே பதினான்கு பேரை மைதானத்துக்குக் கூட்டி வந்தார். அவர் விட்டுப்போனது முறை நோட்டு. வெளியே உட்காரும் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு வரிசை, இடைவேளைக்குப் பிறகு முதல் பெயர் உள்ளே போக வேண்டும், ஜெயித்தாலும் தோற்றாலும். இப்போது ஆடும் பையன்களும் அதே வழக்கத்தைத்தான் வைத்திருக்கிறார்கள். முறை என்ற ஒரே சொல்லை வைத்து மூவரையும் ஒப்பிட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றியதும் துள்ளிக் குதித்தேன். தட்சிணாமூர்த்தி மாமாவுக்கு முறை என்றால் உறவு, ராஜமாணிக்கம் சாருக்குப் பயிற்சி, அப்பாவுக்கு வரிசை. வரிசை ஒன்றில்தான் யாருக்கும் யாரும் உசத்தி இல்லை, ஆகவே அப்பாவுக்கே முதலிடம் என்று முடித்து, ‘ஒரு நாளும் முறை தவறாத மேனேஜர்’ என்று தலைப்பும் வைத்தேன். தில்லைநாதன் மாமா படித்துவிட்டு, அப்படியானால் கோப்பைக்கு அன்பரசு பெயர்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா உடனே பட்டறைக்குக் கிளம்பினார், கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டுரையோடு முறை நோட்டின் ஒரு பக்கத்தைப் படமாகப் போடலாம் என்று பரணிலிருந்து அதை எடுத்தேன். இனி எழுதுவதை நீ பொறுமையாகப் படிக்க வேண்டும் அண்ணா. 2007 ஏப்ரலில் சிதம்பரத்தில் நடந்த ஃபைனல், அந்தப் பக்கம்தான் முதலில் கண்ணில் பட்டது. உனக்குப் பாலிடெக்னிக்கில் பிராக்டிகல் பரீட்சை இருந்ததால் செமிஃபைனலுக்குப் போகவில்லை, ஃபைனலில் வெளியே உட்கார்ந்தாய். இடைவேளைக்குப் பிறகு பாலகுமார் அண்ணன் உள்ளே போனார், ஒரு கோலில் தோற்றோம். கூட்டம் முழுக்க “மேனேஜரே, மவன எறக்குய்யா” என்று கத்தியது, நானும்தான் கத்தினேன். திரும்பும்போது வேனில் நீ அப்பாவிடம் “ஏம்ப்பா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாய். “செமிக்கு நீ வரல, மொற பாலகுமாருது” என்றார் அப்பா. பு.முட்லூரில் டீக்கு நிறுத்தியபோது நீ இறங்கவே இல்லை. டிசம்பரில் தோகாவுக்குப் போய்விட்டாய், அதற்குப் பிறகு நம் வீட்டில் பந்துப் பேச்சு இல்லை.

நோட்டில் முதல் பெயர் உன்னுடையது. பேனாவால் எழுதி, பென்சிலால் அடித்து, மேலே பாலகுமார் என்று எழுதியிருக்கிறது. செமிக்கு வராததால் இருக்கும் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டு அட்டையைத் திருப்பினேன். அட்டையின் உள்பக்கத்தில் அப்பாவே முதல் வருடம் எழுதி வைத்த விதி இருக்கிறது: பரீட்சை, காய்ச்சல், கடல், இந்த மூன்றால் வராதவனுக்கு முறை போகாது. படகில் போகும் பையன்களுக்காக அப்பா வைத்த விதி அது. மறுநாளே பாலகுமார் அண்ணனிடம் கேட்டேன். “அன்னிக்கு என் மொறையே இல்ல வெண்மதி. நான் பூட்ஸ்கூட மாட்டாம வேர்க்கடல தின்னுகினு இருந்தேன். திடுதிப்புனு ஒங்கப்பா என்னய எறங்குன்னாரு. மேனேஜரு சொன்னா எதுத்தா பேசறது?” என்றார். மறுபடியும் சிதம்பரம் போனேன். ராஜமாணிக்கம் சார், அன்றைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு ஆள் எடுக்கும் ஒருவரைத் தாம்தான் மெட்ராஸிலிருந்து வரவழைத்ததாகவும், உன் ஆட்டத்தைப் பார்க்கத்தான் அவர் வந்ததாகவும், அதை அப்பாவிடம் காலையிலேயே சொல்லிவிட்டதாகவும் சொன்னார். “சொல்லாம இருந்திருந்தா எறக்கியிருப்பாரும்மா. நான் சொன்னதுதான் தப்பாப் போச்சி” என்றார்.

நோட்டை அப்பா முன்னால் வைத்து, விரலை அந்தப் பெயர்மேல் வைத்துக் கேட்டேன். நான் பயப்படவில்லை, விசாரித்து எழுது என்றுதானே சொன்னார்கள். அப்பா மறுக்கவில்லை. அவர் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்: “மொற அவனுதுதான். வேல போட்டுக் குடுக்க வந்திருக்காங்கன்னு தெரிஞ்ச ஒடனே எனக்கு பயம் வந்திடுச்சி. கப்பு ஆடறதுக்கு வந்தானா, மவனுக்கு வேல வாங்க வந்தானான்னு நாலு பேரு கேப்பாங்கன்னு. ஊர் வாய்க்கு பயந்து பேர அடிச்சேன். அப்புறம் அவன்கிட்ட பொய்யும் சொன்னேன். அவன் ஆட்டம் சரியில்லன்னு நான் ஒரு நாளும் நெனச்சதில்ல, அத மொதல்ல எழுது.” முதலில் எழுதச் சொன்னார், கோர்வைக்காக நான் இங்கே எழுதிவிட்டேன், அதற்கு அவரிடம் திட்டும் வாங்கிவிட்டேன். அம்மா இத்தனையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “தெருவுல போறவன் பையனா இருந்திருந்தா எறக்கியிருப்பீங்க. நம்ம வயித்துல பொறந்தது அவன் செஞ்ச தப்பு” என்றாள். தட்சிணாமூர்த்தி மாமா சொந்தத் தம்பியை ஆட வைத்துவிட்டு ஊருக்குப் பயப்படாமல் நின்றார், அந்த இடத்தில் அவர் அப்பாவைவிட உயர்ந்துவிடுகிறார் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது, அப்பாவிடமே சொன்னேன், தலையாட்டினார்.

கட்டுரையைத் திருத்தி எழுதிவிட்டேன். பழைய தலைப்பு போய்விட்டது. இப்போது தட்சிணாமூர்த்தி மாமாவுக்கு முதலிடம், அவர் பெயரில்தான் கோப்பை வரும், வரட்டும், அதில் எனக்கு வருத்தம் இல்லை. இரண்டாம் இடத்தில்தான் எனக்கும் அப்பாவுக்கும் சண்டை. தம்மை மூன்றாவதாகப் போடச் சொல்கிறார். “அவரால ஆறு குடும்பம் சாப்புடுது. நான் ஒரு குடும்பத்துக்கு வர வேண்டியத தடுத்தவன்” என்கிறார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பெயரை அடித்தது பெரிய தவறுதான், ஆனால் நோட்டில் அடிக்காத பெயர்கள் நூற்றுநாற்பது இருக்கின்றன, அவற்றை எண்ணிவிட்டுத்தான் சொல்கிறேன். இதை எடுத்துவிடு என்றார், எடுக்க மாட்டேன் என்றேன், ஒப்பந்தத்தை மீறியது இந்த ஓர் இடத்தில் மட்டும்.

அந்தப் பென்சில் கோட்டைப் பற்றி அப்பாவே ஒரு பத்தி சொல்லியிருக்கிறார், உன் பெயரோடு, பொய் சொன்னதையும் சேர்த்து. தில்லைநாதன் மாமா படித்துவிட்டு “எதுக்கு அன்பரசு ஊர் சிரிக்கறதுக்கு? யாரு கேட்டாங்க இப்ப?” என்றார். “யாருக்கு பயந்து அடிச்சனோ அவுங்க படிக்கட்டும்” என்றார் அப்பா. ஆனாலும் அச்சுக்குக் கொடுக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறோம். அது உன்னைப் பற்றியது. நீ ஆடாமல் போன ஆட்டத்தை ஊர் முழுக்கப் படிப்பதில் உனக்கு விருப்பம் இருக்குமா என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. பத்தியைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். விழாவுக்கு வா என்று அப்பா கூப்பிடவில்லை, லீவு கிடைப்பது உன் கையில் இல்லை என்று அவருக்குத் தெரியும், மன்னித்துவிடு என்று எழுதவும் விடவில்லை, அதைக் கடிதத்தில் கேட்கக் கூடாதாம், நேரில்தான் கேட்க வேண்டுமாம்.

நோய் நொடி அண்டாமல், செய்யும் வேலையில் நல்ல பெயரோடு நீ நீடூழி வாழ வேண்டும் என்று அப்பாவும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறார்கள். மலர் ஜூலை இருபதாம் தேதி அச்சுக்குப் போகிறது, மறந்துவிடாதே. போடு, வேண்டாம், இரண்டில் ஒரு சொல்லை எஸ்.எம்.எஸ். அனுப்பினால் போதும். நீ வேண்டாம் என்றால் என்ன செய்வது என்று அப்பாவைக் கேட்டேன். “வேணாம்னா போட வேணாம். இப்ப அவன் மொற, அவன் சொல்லட்டும்” என்றார்.

இப்படிக்கு,
உன் அப்பா அன்பரசு,
எழுதியது தங்கை வெண்மதி