டீச்சர் வீட்டு நாய்

ஊசி அறையில் ஸ்பிரிட் நெடி அடித்ததும் உன் நினைவு வந்தது. மல்லிகை மணத்தில் வந்திருந்தால் இந்த மடல் கொஞ்சம் அழகாக அமைந்திருக்கும். நம் உத்தியோகத்துக்கு வாய்த்தது இதுதான்.

வீடு வீடாகப் போய் மின் மீட்டரில் ரீடிங் எடுப்பவர்களை நாய்கள் ஏன் கடிக்கின்றன என்று நீயும் நானும் பல வருடம் ஆராய்ந்தோம். கட்டண உயர்வு அவற்றுக்கு யார் மூலம் தெரிந்தது என்பது மட்டும் கடைசிவரை விளங்கவில்லை. இன்று காலை அகரத்தில் ஒரு வாத்தியார் வீட்டு நாய் என் கெண்டைக்காலில் பல்லைப் பதித்தது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நேரே பெரியாஸ்பத்திரிக்கு வந்தேன்.

“முன்னாடி ஊசி போட்டிருக்கீங்களா?” என்றார் நர்ஸ்.

“முழு கோர்ஸும் போட்டிருக்கேம்மா. போன நாய்க்கு.”

“அப்ப ரெண்டு போதும். இன்னைக்கு ஒண்ணு, மூணு நாள் கழிச்சு ஒண்ணு. ஏற்கெனவே போட்டாச்சேன்னு வராம இருந்துறாதீங்க.”

அந்தக் கடைசி வாக்கியத்தை உன்னிடம் யாராவது சொல்லியிருக்கலாம். நீ கேட்டிருப்பாயா என்பது வேறு விஷயம். வடமதுரையில் தெருநாய் கடித்து, ஊசியெல்லாம் போட்டு முடித்த அன்று டீக்கடையில் அறிவித்தாய்: “ஏலே, நமக்கு ஆயுள் சந்தா கட்டியாச்சு. இனிமே எந்த நாய் கடிச்சாலும் நாய்க்குத்தான் ஆபத்து.”

அதற்குச் சில வருடம் கழித்துத்தான் டீச்சர் வீட்டு விவகாரம். உன் பகுதியில் உனக்குக் காபி கொடுத்த ஒரே வீடு. குட்டியிலிருந்து நீ பிஸ்கட் போட்டுப் பழகிய நாய், ஒருநாள் உன் விரலைக் கவ்வியது. டீச்சர் பதறிப்போனார். நீ கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாய். “அட விடுங்க டீச்சர், நம்ம புள்ள, விளையாடுது.” கழுவத் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. கேட்டால் அது காயமாகிவிடும். கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு காபியைக் குடித்துவிட்டு வந்தாய்.

ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். “போயி என்னன்னு சொல்ல? டீச்சர் வீட்டு நாய்க்கு வெறின்னா? இம்புட்டு நாள் அவுக காபியக் குடிச்சுப்புட்டு?” என்றாய். நம் பக்கத்தில் தெருநாய் கடித்தால் கடி. தெரிந்தவர் வீட்டு நாய் கடித்தால் பாசம். அதற்குப் போய் ஊசி போட்டுக்கொள்வது அந்தக் குடும்பத்தின் மேல் போலீசில் புகார் கொடுப்பதுபோல.

சில நாளில் நாய் செத்துப்போனது. டீச்சர் அதை உன்னிடம் சொல்லவில்லை. நாய்மேல் நீ உயிரையே வைத்திருந்தாய், கேட்டால் மனம் கஷ்டப்படுவாய் என்று நினைத்தாராம். பண்பில் அவரும் உனக்குச் சளைத்தவரல்ல.

பிறகு ஒரு காலை. டீ கிளாஸை வாயருகே கொண்டுபோனாய். தொண்டை இழுத்தது. கிளாஸைத் தள்ளி வைத்தாய். “என்னன்னு தெரியலடா, தண்ணியப் பாத்தாலே ஒரு மாதிரி வருது” என்றாய். என்னவென்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. இனி எந்த ஊசியாலும் பயனில்லை என்று டாக்டர் சொன்னதை உன் மனைவியிடம் நான்தான் போய்ச் சொன்னேன். உன் அடக்கத்துக்கு வந்த டீச்சர் ஓரமாக நின்றார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்களும் மரியாதை தெரிந்தவர்கள்.

ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்போது அகரத்து வாத்தியார் போனில் வந்தார்.

“ஏன் சார், ஆஸ்பத்திரிக்கா போனீங்க? அது வீட்டுக்குள்ளயே வளர்ந்த புள்ள சார். செல்லமாக் கவ்வியிருக்கும். எங்க நாயவா சந்தேகப்படுறீங்க?”

உன் வாயில் கடைசிவரை வராத பதில் ஒன்று உண்டு. நீ போனதிலிருந்து அதை நான் வீடு வீடாகச் சுமந்துகொண்டு திரிகிறேன்.

“ஆமா சார், சந்தேகப்படுறேன்” என்றேன். “கட்டிப்போட்டுப் பாத்துக்கங்க. அதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, என் மனசு கஷ்டப்படும்னு பாக்காமச் சொல்லிருங்க.”