மறியல் மாமாவும் மறியல்காரி மகளும்

என் அருமை மச்சாள் செல்லம்மா,

செத்துப்போன இடத்திலும் யாரையாவது ஏய்த்துக்கொண்டுதான் இருப்பாய். இங்கே நாங்கள் சுகம். ஜப்பான்காரன் சண்டை முடிந்துவிட்டது, அரிசிக் கெடுபிடி இன்னும் முடியவில்லை. எழுத்துக் கூட்டி எழுதுகிறேன், பிழை பார்த்துச் சிரிக்காதே. ஊரார் வாசித்தாலும் வாசிக்கட்டும்.

இந்த முறை அம்மன் சடங்குக்கு நெல் குத்த உன் மகள் தங்கம் வந்தாள். உலக்கையில் கை வைத்ததும் பொன்னம்மா அக்கா தடுத்துவிட்டார்.

"மறியல்காரிர மகள் குத்தின அரிசியிலயா அம்மாளுக்குப் பொங்கல்?"

அவருடைய தம்பி எருமை களவெடுத்து உன்னைவிட நெடுநாள் மறியலில் கம்பி எண்ணிச் சிறைச்சோறு தின்றவர். விட்டு வந்த அன்று கோழி அடித்துச் சோறு போட்டார்கள். இன்றைக்கு ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர் 'மறியல் மாமா'. அம்மனுக்குக் குடை பிடிப்பதும் அவர்தான். நான் விடுவேனா?

"அக்கா, அப்ப உங்கட தம்பிர கையில இருக்கிற குடைய முதல்ல வாங்குங்க. எருமை மணக்குது."

பெண்களெல்லாம் சிரித்தார்கள். பொன்னம்மா அக்காவுக்கும் உதடு துடித்தது, சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"ஆம்பிளைக்கு அது ஒரு காலம் கா. பொம்பிளைக்கு அப்பிடியா?"

நீ செய்ததுதான் என்ன? வவுணதீவில் உன் தம்பி வீட்டு அரிசியைப் பெர்மிட் இல்லாமல் வயிற்றில் கட்டிக்கொண்டு, பிள்ளைத்தாச்சிபோலத் தோணியில் வந்தாய். துறையில் பொலிஸ்காரன் பாவப்பட்டுக் கைகொடுத்து இறக்க, முடிச்சு அவிழ்ந்து உன் பிள்ளை மணி மணியாகக் கொட்டுண்டது. இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. சட்டத்தை மீறினாய், இல்லையென்று சொல்லமாட்டேன். அதற்கு மறியலும் இருந்தாய். அதோடு முடிந்திருக்க வேண்டியதுதானே?

இன்னும் வாய் கொடுக்கத்தான் பார்த்தேன். அதற்குள் தங்கம் உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டாள்.

"விடுங்க மாமி. அவ சொல்றது சரிதானே."

திரும்பிப் பார்த்தேன், மச்சாள். அது உன் குரல்.

மறியலால் வந்தபின் நீ கோயில் வாசலைத் தாண்டவேயில்லை. பூசாரி கூப்பிட்டார். நான் கையைப் பிடித்து இழுத்தேன். "ஆம்பிளையெண்டாப் பரவாயில்ல கா, நான் பொம்பிளையல்லோ" என்றாய். ஒருவரும் தடுக்காத இடத்தில் நீயே உன்னைத் தடுத்தாய். அன்று பொன்னம்மா அக்காகூட ஒன்றும் சொல்லவில்லை. உன்னிடமிருந்துதான் படித்துக்கொண்டாரோ? அல்லது எல்லோரும் தாய்ப்பாலோடு குடித்ததா இது?

உலக்கையை எடுத்துத் தங்கத்தின் கையில் திணித்தேன். மற்ற உலக்கையோடு அவளுக்கு எதிரே போய் நின்றேன்.

"குத்து புள்ள. நீ குத்தாம நிண்டா என்ர உலக்கை உன்ர கையிலதான் விழும்."

முதலில் அழுதுகொண்டு குத்தினாள். பிறகு அழ மறந்து குத்தினாள். பொன்னம்மா அக்கா எழும்பிப் போய்விட்டார். மற்றப் பெண்கள் சுளகை எடுத்துக்கொண்டு கிட்ட வந்தார்கள். அந்த அரிசியில்தான் பொங்கினோம். அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை.

பொன்னம்மா அக்காவுக்குச் சொல்ல என்னிடம் எப்போதும் பதில் உண்டு. தங்கத்தின் அந்தச் 'சரிதானே'க்குத்தான் இன்னும் இல்லை. அதைத் தேடாமல் விடமாட்டேன். அதுவரை ஒவ்வொரு சடங்குக்கும் அவளுக்கு எதிரே உலக்கையோடு நிற்பேன். சத்தியம்.

உன்னைக் கோயிலுக்குள் இழுத்துவர முடியாமல்போன
உன் மச்சாள்,
நாகம்மா